வாசல்நிலையில் தொடங்கிய விழா

பெரிய சனி இரவில் ஆலய முற்றத்தில் புது நெருப்பு மூட்டப்படும் வேளையில், பங்குத்தந்தையின் கண்கள் கூடியிருக்கும் மக்களை ஒருமுறை சுற்றி வருவது இயல்பு. வந்திருப்பவர்களைக் காட்டிலும் வராதவர்களையே அந்தக் கண்கள் தேடும். அப்படி வராதவர்களின் பட்டியலில் கைக்குழந்தை உள்ள இளந்தம்பதியரை நாம் நெடுங்காலம் அக்கறையற்றவர்கள் என்றே எழுதி வைத்திருந்தோம். அது தவறு என்று உணர்வதற்கு ஒரு வீடும், ஒரு சிறுவனின் கேள்வியும், அதன்பின் சில நூல்களும் நமக்குத் தேவைப்பட்டன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழிப்பில், விடுதலைப் பயண நூலிலிருந்து செங்கடலைக் கடந்த நிகழ்ச்சி வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. வாசித்தவர் தடுமாறினார். நாம் ஒலிவாங்கியை நெருங்கி, அழும் பிள்ளைகளை வெளியே கொண்டுபோகும்படி சற்றுக் கடுமையாகவே சொன்னோம். ஓர் இளந்தாய் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தலை குனிந்தபடி, நடுவழியாக வெளியேறினார். ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ஒரு மக்களினம் இரவோடிரவாக நடந்த வரலாறுதான் அப்போது வாசிக்கப்பட்டது என்பதும், அந்தக் கூட்டத்தில் எத்தனை கைக்குழந்தைகள் அழுதிருக்கும் என்பதும் அன்று நம் நினைவுக்கு வரவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, பாஸ்கா வாரத்தில் இல்லங்களை மந்திரிக்கச் சென்றபோது அவருடைய வீட்டுக்கும் போனோம். மூத்த மகனுக்கு இன்னும் மூன்று வயது நிறையவில்லை. மடியில் பிறந்து ஒரு மாதமே ஆன பெண் குழந்தை. கணவருக்கு ஆலையில் இரவு வேலை. நாம் எதையும் கேட்கும் முன்பே அவர், "இந்த வருசம் எங்களுக்குப் பாஸ்கா இல்லாமலே போயிட்டுது சாமி" என்றார். குற்றத்தை ஒப்புக்கொள்பவரின் குரல் அது. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். அன்று இரவு வீட்டைக் கழுவி, பாய் விரித்து, ஒரு மெழுகுதிரியை ஏற்றினாராம். சிறுவன், "யாருக்கும்மா பொறந்தநாள்?" என்று கேட்டு, அதை ஊதி அணைத்துவிட்டான். மீண்டும் ஏற்றினார், மீண்டும் ஊதினான். மூன்றாம் முறையும் அப்படியே. "இயேசப்பா எழுந்த நாள்டா, ஊதாதே" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கைக்குழந்தை அழுதது. பால் கொடுத்தபடியே மூவரும் உறங்கிப்போனார்கள். "அவ்வளவுதான் சாமி" என்று முடித்தார்.

நாம் தீர்த்தம் தெளித்து, ஆறுதலாக ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினோம். அந்த வீட்டில் நடந்தது பாஸ்காவா, பாஸ்கா இல்லாமற்போன இரவா? இந்தக் கேள்விக்கு விடை தேடித் திருச்சபையின் வரலாற்றைப் புரட்டியபோது கிடைத்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

கோவிலுக்கு முன்பே வீடு

முதல் பாஸ்கா கொண்டாடப்பட்டபோது இஸ்ரயேலருக்குக் கோவில் இல்லை. ஆரோனின் குருத்துவமும் இன்னும் ஏற்படுத்தப்படவில்லை. விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரம் தரும் கட்டளை குடும்பத்துக்கு உரியது: வீட்டுக்கு ஓர் ஆடு. வீடு சிறியதாக இருந்து ஒரு முழு ஆட்டை உண்ண இயலாவிடில், அண்டை வீட்டாரோடு சேர்ந்துகொள்ள வேண்டும். இரத்தம் பூசப்பட்ட இடம் பலிபீடமன்று. வீட்டின் வாசல்நிலைகளும் மேற்சட்டமுமே. மாவு புளிக்கக்கூட நேரமில்லாத அவசரத்தில் உண்ட உணவு அது. கைக்குழந்தை உள்ள வீட்டில் உணவு எப்படி உண்ணப்படுகிறது என்பதை அறிந்தவர்களுக்கு அந்த அவசரம் புதிதன்று.

அதே அதிகாரத்தின் 26ஆம் வசனம் இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இந்த வழிபாட்டின் பொருள் என்ன என்று பிள்ளைகள் கேட்கும்போது பெற்றோர் என்ன விடை கூற வேண்டும் என்று அங்கே விதிக்கப்படுகிறது. அதாவது, பிள்ளையின் கேள்வியை வழிபாட்டின் இடையூறாகக் கருதாமல், வழிபாட்டுக்கு உள்ளேயே அதற்கு இடம் ஒதுக்குகிறது திருச்சட்டம்.

பின்னாளில் இந்த விழா வீட்டைவிட்டு வெளியே சென்றது. ஆண்டவர் தேர்ந்துகொள்ளும் இடத்தில்தான் பாஸ்கா ஆடு பலியிடப்பட வேண்டும் என்று இணைச்சட்டம் 16ஆம் அதிகாரம் கூறுகிறது. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் யோசியா அரசர் செய்த சீர்திருத்தம் அதை எருசலேமுக்கு உரியதாக உறுதிப்படுத்தியது. திருக்குடும்பமும் ஆண்டுதோறும் பாஸ்காவுக்காக எருசலேமுக்குச் சென்று வந்ததை லூக்கா குறிப்பிடுகிறார். ஆனால் கி.பி. 70இல் உரோமைப் படையினர் கோவிலை அழித்தபோது, பாஸ்கா அதனோடு அழிந்துவிடவில்லை. புறப்பட்ட இடத்துக்கே, வீட்டுப் பந்திக்கே, அது திரும்பி வந்தது. ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா, இரண்டாம் கிண்ணம் கலக்கப்படும் வேளையில் மகன் தந்தையிடம் கேள்வி கேட்க வேண்டும் என்றும், கேட்கத் தெரியாத அளவுக்கு அவன் அறியாப் பிள்ளையாக இருந்தால் தந்தையே அவனுக்குக் கற்றுத்தர வேண்டும் என்றும் கூறுகிறது. தால்முத் நூலில் இன்னும் சுவையான செய்தி ஒன்று உண்டு. பாஸ்கா இரவில் குழந்தைகள் உறங்கிவிடாமல் விழித்திருந்து கேள்வி கேட்பதற்காக, பேரறிஞரான இரபி அக்கிபா அவர்களுக்கு வறுத்த தானியங்களையும் கொட்டைப் பருப்புகளையும் பகிர்ந்து கொடுப்பாராம். குழந்தையை வெளியே அனுப்பிய நம்மையும், குழந்தையை விழித்திருக்கச் செய்த அந்த இரபியையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது நமக்கு நாணமாக இருந்தது.

இல்லங்களில் வளர்ந்த திருச்சபை

நம் ஆண்டவர் தம் இறுதிப் பாஸ்காவை உண்டது ஒரு வீட்டின் மேலறையில். உயிர்த்த நாளின் மாலையில் எம்மாவுச் சீடர் அவரைக் கண்டுகொண்டது வீட்டுப் பந்தியில். அச்சத்தால் கதவடைத்துக்கொண்டிருந்த சீடர் நடுவில் அவர் வந்து நின்றதும் ஒரு வீட்டில்தான். எருசலேமின் தொடக்கக் கிறிஸ்தவர்கள் இல்லங்களில் அப்பத்தைப் பிட்டார்கள் என்கிறது திருத்தூதர் பணிகள் நூல். பிரிஸ்கா, அக்கிலா ஆகியோரின் வீட்டில் கூடும் திருச்சபைக்குப் பவுலடியார் வாழ்த்துக் கூறுகிறார்.

புளிப்பற்ற அப்ப விழா முடிந்து சில நாள்களுக்குப் பின் துரோவா நகரில் நடந்த ஒரு கூட்டத்தையும் இங்கே நினைவுகூரலாம். மாடி அறையில் விளக்குகள் பல எரிந்துகொண்டிருக்க, பவுலடியார் நள்ளிரவு வரை உரையாற்றுகிறார். சன்னலில் அமர்ந்திருந்த யூத்திகு என்ற இளைஞன் உறங்கி, மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுகிறான். பவுலடியார் அவனைக் கடிந்துகொள்ளவில்லை; இறங்கி ஓடி, அவனை அணைத்துக்கொள்கிறார். அவன் உயிரோடு அழைத்துச் செல்லப்படுகிறான். நீண்ட மறையுரை ஆற்றும் குருக்கள் அனைவரும் ஆண்டுக்கொருமுறையேனும் படிக்க வேண்டிய பகுதி அது!

இந்த இல்லத் திருச்சபையின் உருவத்தை நாம் கண்ணாலும் காணலாம். சிரியா நாட்டில், யூப்ரத்தீசு ஆற்றங்கரையிலுள்ள தூரா-யூரோப்போஸ் என்ற பழைய நகரில் 1930களின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வில் ஒரு சாதாரண வீடு வெளிப்பட்டது. 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதன் நடுச்சுவரை இடித்து, இரு அறைகளை ஒரே கூடமாக்கி, சிற்றறை ஒன்றில் திருமுழுக்குத் தொட்டியும் அமைத்திருந்தார்கள். அச்சிற்றறையின் சுவரில், கையில் ஒளி ஏந்திய பெண்கள் வெண்ணிறக் கல்லறை போன்ற ஒன்றை நோக்கி வரிசையாகச் செல்லும் ஓவியம் உள்ளது. உயிர்ப்பு நாள் காலையில் கல்லறைக்குச் சென்ற பெண்கள் அவர்கள் என்று அறிஞர் பலரும், மணமகனை எதிர்கொள்ளச் சென்ற கன்னியர் என்று வேறு சிலரும் கூறுவர். எதுவாயினும், வீட்டுச் சுவரில் பெண்கள் ஏந்திவந்த ஒளி அது என்பதில் ஐயமில்லை.

தாயையும் குழந்தையையும் தொடக்கத் திருச்சபை மறந்துவிடவில்லை என்பதற்கும் சான்றுகள் உள. உரோமையின் இப்போலித்துவுக்கு உரியதாக மரபு கூறும் 'திருத்தூதர் மரபு' என்னும் ஏடு, பாஸ்காவுக்கு முந்திய இரண்டு நாள் நோன்பைக் கருவுற்ற பெண்ணாலோ நோயுற்றவராலோ முழுமையாகக் கடைப்பிடிக்க இயலாவிடில், சனிக்கிழமை மட்டும் அப்பமும் தண்ணீரும் உண்டு நோன்பிருந்தால் போதும் என்கிறது. திருமுழுக்கின்போது குழந்தைகளுக்கே முதலிடம்; பேசத் தெரியாதவர்களுக்காகப் பெற்றோர் பதிலுரைக்க வேண்டும். புதிதாகத் திருமுழுக்குப் பெற்றோர் அனைவருக்கும், அவர்கள் முதியவர்களானாலும், பாலும் தேனும் கலந்து கொடுக்கப்பட்டது. வாக்களிக்கப்பட்ட நாட்டின் அடையாளமாகவும் குழந்தைகளின் உணவாகவும் அது கருதப்பட்டது. அவர்களைக் 'குழந்தைகள்' என்றே புனித அகுஸ்தினார் தம் பாஸ்கா மறையுரைகளில் அழைத்தார். உயிர்ப்பு விழாவின் எட்டாம் நாளான ஞாயிற்றுக்கு இலத்தீன் வழிபாட்டில் வழங்கிய 'குவாசிமோதோ ஞாயிறு' என்ற பெயரும், பிறந்த குழந்தை பாலுக்கு ஏங்குவதைப் பற்றிப் பேதுருவின் முதல் திருமுகத்தில் வரும் வசனத்தின் தொடக்கச் சொற்களிலிருந்து வந்ததே. பாஸ்கா மகிழ்ச்சிக்கு உவமை தேடிய திருச்சபை, தாயின் மடியில் பால் குடிக்கும் குழந்தையைத்தான் கண்டெடுத்தது.

மறுக்கப்பட்ட வாசல்

எனினும் பிள்ளை பெற்ற தாய்க்கு ஆலய வாசல் எப்போதும் எளிதாகத் திறந்திருந்தது என்று கூறுவதற்கில்லை. லேவியர் நூலின் 12ஆம் அதிகாரம் ஆண் குழந்தை பெற்றவளுக்கு 40 நாள்களையும் பெண் குழந்தை பெற்றவளுக்கு 80 நாள்களையும் தூய்மைக் காலமாக விதித்தது. புதிய உடன்படிக்கையின் மக்களிடையேயும் அந்த எண்ணம் நீடித்தது. இங்கிலாந்தில் மறைப்பணியாற்றிய கான்டர்பரி அகுஸ்தினார் இதுபற்றித் திருத்தந்தை பெரிய கிரகோரியாரிடம் விளக்கம் கேட்டார். கி.பி. 601ஆம் ஆண்டைச் சார்ந்த அந்த விடையைப் புனித பீட் தம் வரலாற்று நூலில் தருகிறார். பிள்ளை பெற்ற அதே நாழிகையில் ஒரு தாய் நன்றி செலுத்த ஆலயத்துக்குள் நுழைந்தாலும் அவள்மேல் பாவமில்லை. அவளைத் தடுப்பது அவள் பட்ட வேதனையையே குற்றமாக்குவதாகும் என்பது அதன் கருத்து.

இத்துணைத் தெளிவான விடைக்குப் பின்னும் பழைய எண்ணம் மறையவில்லை. நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பிரசவத் தீட்டு என்ற சொல் இன்றும் புழங்குகிறது. பாஸ்கா இரவில் கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் தாய், உண்மையில் களைப்பினாலும் குழந்தையின் நலம் கருதியும் தங்கியிருக்கலாம். ஆனால் 'நான் விலக்கப்பட்டவள்' என்ற உணர்வு எங்கோ ஒரு மூலையில் அவரை உறுத்துகிறது. அந்த உறுத்தலோடு பங்குத்தந்தையின் கடுஞ்சொல்லும் சேர்ந்துகொண்டால் என்னவாகும்? 1969இல் வெளியான குழந்தைத் திருமுழுக்குச் சடங்கில், தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியே ஆசி வழங்கப்படுவதைத் திருச்சபை சேர்த்ததன் பொருளை நாம் மேடையில் விளக்கியிருக்கிறோம். ஒலிவாங்கியின் முன் மறந்திருக்கிறோம்.

ஆலயத்திலிருந்து வீட்டுக்கு

இடைக்காலத்தில் பாஸ்காத் திருவிழிப்பே தன் இரவை இழந்தது. படிப்படியாக முன்னே நகர்ந்து, இறுதியில் சனிக்கிழமை காலையிலேயே அது முடிந்துவிடும் நிலை ஏற்பட்டது. சூரிய ஒளியில் ஏற்றப்பட்ட பாஸ்காத் திரியைக் காண வந்தவர்கள் மிகச் சிலரே. திருத்தந்தை 12ஆம் பயஸ் 1951இல் சோதனை முறையிலும், 1955ஆம் ஆண்டு ஆணையின் வழியாக 1956 முதல் எங்கும் கட்டாயமாகவும் அதை இரவுக்குத் திரும்பக் கொண்டுவந்தார். இன்று நாம் கொண்டாடும் இரவுத் திருவிழிப்பு, நம் தாத்தா பாட்டியர் இளமையில் கண்டிராத ஒன்று.

அப்படியாயின் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் மக்களின் பாஸ்கா எங்கே வாழ்ந்தது? பெரும்பகுதி வீட்டில் வாழ்ந்தது. 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூல், பாஸ்காக் காலத்தில் புதுத் தீர்த்தத்தால் இல்லங்களை மந்திரிப்பதற்கும், பாஸ்கா ஆட்டையும் முட்டையையும் அப்பத்தையும் ஆசீர்வதிப்பதற்கும் தனித்தனி மன்றாட்டுகளைத் தந்தது. போலந்து நாட்டில் இன்றும் பெரிய சனியன்று மக்கள் உணவுக் கூடைகளை ஆலயத்துக்குக் கொண்டுவந்து ஆசி பெற்று, உயிர்ப்பு நாள் காலையில் குடும்பமாகப் பகிர்ந்து உண்கிறார்கள். நம் ஊர்களில் திருவிழிப்பு முடிந்ததும் பாட்டிமார் புட்டிகளில் புதுத் தீர்த்தத்தை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு நடப்பதும் அதே மரபின் ஒரு துளியே.

குருவும் ஆலயமும் அறவே இல்லாத இடத்தில் வீடு என்ன செய்ய வல்லது என்பதற்கு ஜப்பான் சான்று. 1614இல் அங்குக் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. 1644இல் கடைசிக் குருவும் கொல்லப்பட்டார். அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக, நாகசாகிப் பகுதியின் உழவர்களும் மீனவர்களும் செபங்களை வாய்மொழியாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தார்கள். தாங்களே திருமுழுக்குக் கொடுத்தார்கள். பஸ்தியான் என்ற வேதியரின் பெயரால் வழங்கிய 1634ஆம் ஆண்டு நாள்காட்டியைக்கொண்டு திருநாள்களைக் கணித்தார்கள். 1865 மார்ச் 17ஆம் நாள், ஊராக்காமி ஊரார் சிலர் நாகசாகியில் புதிதாகக் கட்டப்பட்ட ஆலயத்துக்கு வந்து, பிரெஞ்சுக் குரு பெத்தித்ழானிடம் தங்கள் நம்பிக்கையை வெளிப்படுத்தினார்கள். தாங்கள் அப்போது துயரக் காலத்தின் 17ஆம் நாளைக் கடைப்பிடிப்பதாகக் கூறினார்கள். அவ்வாண்டு திருநீற்றுப் புதன் மார்ச் முதல் நாள். ஒரு நாள்கூடப் பிசகவில்லை! உயிர்ப்பு விழாவை நோக்கிய அந்தக் கணக்கை ஏழு தலைமுறைகளாகக் காத்தவை ஆலயங்கள் அல்ல, அடுப்பெரிந்த வீடுகள்.

மறந்துபோன ஓர் ஆண்டு

வீட்டைச் சிறு ஆலயமாக்குங்கள் என்று 4ஆம் நூற்றாண்டிலேயே புனித பொன்வாய் அருளப்பர் தம் மக்களிடம் கூறினார். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபையைப் பற்றிய தன் கோட்பாட்டு ஏட்டின் 11ஆம் எண்ணில், குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று குறிப்பிட்டது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, ஞாயிறு திருப்பலிக் கடமையிலிருந்து விலக்குத் தரும் தக்க காரணங்களுக்கு எடுத்துக்காட்டாக நோயையும், கைக்குழந்தைகளைப் பேணுவதையும் 2181ஆம் எண்ணில் குறிப்பிடுகிறது. இவற்றையெல்லாம் நாம் குருத்துவக் கல்லூரியிலும் பிறகும் படித்தவர்களே.

படித்தது மட்டுமன்று, பட்டறிந்தும் இருந்தோம். 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. ஏப்ரல் 12 உயிர்ப்புப் பெருவிழா. உரோமையின் ஆணைப்படி மக்கள் இல்லாமல், புது நெருப்பும் மூட்டாமல், வெற்று இருக்கைகளின் முன் திருவிழிப்பைக் கொண்டாடினோம். அன்று பங்கு மக்கள் அனைவருக்கும் என்ன சொன்னோம்? உங்கள் வீட்டிலேயே ஒரு திரியை ஏற்றுங்கள், குடும்பமாகச் செபியுங்கள், உயிர்த்த ஆண்டவர் மூடிய கதவுகளைக் கடந்து வருவார் என்றோம். அன்று ஊருக்கெல்லாம் தந்த அந்த ஆறுதலை, அதன் பிந்திய ஓர் ஆண்டில் கைக்குழந்தையோடு இருந்த ஒரே ஒரு தாய்க்கு மட்டும் தரத் தவறினோம்.

இதனால் திருவிழிப்பின் மாண்பைக் குறைத்துவிட்டதாக யாரும் கருத வேண்டாம். நற்கருணைப் பந்திக்கு ஈடானது வேறு எதுவும் இல்லை. இயன்றவர்கள் அதை இழக்கலாகாது. ஜப்பானியக் கிறிஸ்தவர்கள் ஆலயத்தைக் கண்டதும் ஓடிவந்தது அதற்காகவே. ஆனால் பாஸ்கா வீட்டிலிருந்து கோவிலுக்கும், கோவிலிலிருந்து வீட்டுக்கும் நடந்துகொண்டே இருக்கும் விழா. ஒரு குடும்பம் குழந்தைகளின் பொருட்டுச் சில ஆண்டுகள் வீட்டில் நிற்க நேர்ந்தால், அது விழாவுக்கு வெளியே நிற்பதாகாது. விழா தொடங்கிய இடத்தில் நிற்பதாகும்.

இப்போது நம் பங்கில் குருத்து ஞாயிறன்று ஓர் அறிவிப்புச் செய்கிறோம். பச்சிளங்குழந்தைகளோடு வருவோர்க்கு ஆலயத்தின் முன்புறத்தில், காற்றோட்டமான பக்கவாசலை ஒட்டி இடம் உண்டு. குழந்தை அழுதால் வாசகம் நின்று தொடரும். வர இயலாத வீடுகளுக்கு, அன்பியத்தைச் சேர்ந்த அண்டை வீட்டார் திருவிழிப்பு முடிந்ததும் பாஸ்கா ஒளியையும் புதுத் தீர்த்தத்தையும் எடுத்துச் செல்கிறார்கள். வீடு சிறிதானால் அண்டை வீட்டாரோடு சேர்ந்துகொள்க என்ற பழைய கட்டளையை இப்படித்தான் நமக்குப் பொருத்திக்கொண்டோம்.

அந்தத் தாயையும் மீண்டும் சென்று கண்டோம். முதலில் மன்னிப்புக் கேட்டோம். பிறகு சொன்னோம்: "அம்மா, அன்று உங்கள் வீட்டில் பாஸ்கா நடந்தது. நாங்கள் ஆலயத்தில் திரியை மும்முறை உயர்த்துகிறோம். நீங்கள் மும்முறை ஏற்றினீர்கள். பிள்ளை கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டான். நீங்கள் சொல்ல வேண்டிய பதிலைச் சொன்னீர்கள். அதற்குமேல் விடுதலைப் பயண நூல்கூட எதையும் கேட்கவில்லை."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மகனை அருகே இழுத்து, "சாமிக்குத் தோத்திரம் சொல்லுடா" என்றார். அவன் நம் கையிலிருந்த தீர்த்தச் செம்பைப் பார்த்து, "இது எதுக்கு?" என்று கேட்டான். இம்முறை நாம் அவசரப்படவில்லை. திண்ணையில் அமர்ந்து அவனுக்குப் பதில் சொல்லத் தொடங்கினோம்.